ராகு காலத்தில் நாலாம் அத்தியாயம்

பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று ஆராய்கிற பெண்ணொருத்தி, பஞ்சாங்கம் பார்க்காமல் ஊறுகாய்கூடப் போடாத வீட்டில் பிறந்துவிட்டால் என்ன நடக்கும்? என்ன நடக்கும், தினமும் சண்டைதான் நடக்கும். சாருஜாவின் வீட்டில் அதுதான் நடந்தது.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. கடலோர ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். அப்பா நாகேந்திரம் கட்டாரில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நேசமலர் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய எதையும் மனேஜர்கூடத் திருத்தத் துணிந்ததில்லை. இவ்வளவு படித்த மனுசி, ராகு காலம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்த நாட்களில் லீவு முடிந்து நாகேந்திரம் கட்டாருக்குத் திரும்புகிற விமானம் ராகு காலத்தில் கிளம்புகிறதென்றால், நேசமலர் அதற்கு முன்னமே நல்ல நேரம் பார்த்து அவருடைய பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பெட்டி படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. மனுசன் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு போகலாம். எதிர்வீட்டுப் பஹ்மியா, "ஆன்ட்டி, அங்கிள்ட பெட்டி கட்டாருக்குப் போற வழியில எங்கட ஹோல்ல ரெஸ்ட் எடுக்குது" என்று பகிடி பண்ணுவாள். நேசமலரும் சிரிப்பார். ஆனால் பெட்டி அங்கேதான் இருக்கும்.

இந்தப் பெட்டிக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், சாருஜாவின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது இதே வழக்கம்தான்.

சாருஜா கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பத்து வயது வரை வளர்ந்து, பிறகு வெள்ளவத்தைக்கு வந்தாள். கணிதத்தில் முதல் வகுப்பு. கொழும்பில் கணிதத்தில் கெட்டித்தனம் காட்டிய பிள்ளைக்கு உறவுக்காரர் வைத்திருக்கிற வழி மூன்று: வங்கி, கணக்காய்வு, வெளிநாட்டு மாப்பிள்ளை. அவள் மூன்றையும் விட்டுவிட்டுக் கம்பஸில் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து, கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். தற்காலிக வேலையின் சம்பளம் தற்காலிகமாகத்தான் காணும். ஆகவே பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பித்தாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர். "புள்ளி கிடைக்காத வரியை எழுதி நேரத்தைப் போக்காதேங்கோ" என்பது, பரீட்சை மதிப்பெண்ணை நினைத்து, அவள் வகுப்பில் அடிக்கடி சொல்லும் வாசகம். மாணவர்கள் அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவள் ஆய்வுக்கு எடுத்த விடயத்தின் பெயரைக் கேட்டாலே கலியாண வீட்டில் மாமிமார் அடுத்த கதிரைக்கு மாறிவிடுவார்கள். பரிமாற்றமில்லாக் கேத்திரகணிதம். அதைக் கொண்டு பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தைப் படிப்பது.

"இதால என்ன பிள்ளை பிரயோசனம்?" என்று ஒரு மாமி விடாமல் கேட்டார்.

"ஒண்டுமில்லை மாமி" என்று சொல்லிவிட்டுச் சாருஜா வடையைக் கடித்தாள். அந்த மாமியும் அடுத்த கதிரைக்கு மாறினார்.

ஆனால் கொட்டாஞ்சேனை வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது அவள் அப்படிச் சொல்லவில்லை. கணிதப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். முதலில் முன்பக்கமாகச் சாய்த்து, பிறகு வலப்பக்கம் திருப்பினாள். புத்தகம் ஒரு மாதிரி நின்றது. மறுபடி பழையபடி வைத்து, இந்த முறை முதலில் வலப்பக்கம் திருப்பி, பிறகு முன்பக்கம் சாய்த்தாள். புத்தகம் வேறு மாதிரி நின்றது.

"செய்தது அதே ரெண்டு வேலைதானே? ஆனா எது முதல் எண்டதில முடிவு மாறுது. மூண்டு தர ஐஞ்சும், ஐஞ்சு தர மூண்டும் ஒண்டு. இது அப்பிடியில்லை. இப்ப யோசியுங்கோ, புத்தகத்தைத் திருப்பேக்க மட்டுமில்லை, இடத்தை அளக்கிறதே இப்பிடியெண்டால்? முதல் குறுக்கால அளந்து பிறகு நெடுக்கால அளந்தால் ஒரு விடை, மாறி அளந்தால் இன்னொரு விடை எண்டால்?"

பிரபஞ்சம் மிகச் சிறியதாகவும் மிகச் சூடாகவும் இருந்த அந்த ஆரம்பத்தில் இடம் என்பதே அப்படித்தான் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இருந்திருந்தால் அதன் தடம் எங்கேயாவது மிஞ்சியிருக்க வேண்டும். வானம் முழுவதும் இன்னும் பரவிக் கிடக்கிற மிகப் பழைய ஒளியில் சூடும் குளிருமாக நுண்ணிய புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளில் அந்தத் தடம் தெரியுமா, தெரிந்தால் எவ்வளவு? இதுதான் சாருஜாவின் கேள்வி. ஆய்வேட்டின் முதல் மூன்று அத்தியாயங்களும் மற்றவர்கள் கண்டதைக் கற்று எழுதியவை. நாலாவதுதான் அவளுடைய விடை. பஸ்ஸில் நின்றுகொண்டு யோசித்ததும், மின்சாரம் இல்லாத நாட்களில் வியர்த்து வழிந்து கணக்கிட்டதும், "உனக்கு எப்ப கலியாணம்" என்ற கேள்வியைக் காதில் வாங்காமல் விட்டதும் எல்லாம் அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான்.

வாய்மொழிப் பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வைக்கப்பட்டது. வெளிப் பரீட்சகர்கள் இருவர். ஒருவர் வயதான ஆண், மற்றவர் ஒரு பெண். இருவரும் வேறு வேறு நாட்டில். ஆகவே எல்லாம் சூமில். பதிவுக் காலம் இரண்டு முறை நீட்டப்பட்டு முடிகிற கட்டத்தில் இருந்தது. இந்த முறை பட்டம் இல்லையென்றால் பிறகு எப்போதும் இல்லை. கம்பஸில் நிரந்தர வேலை என்ற பேச்சும் இல்லை. மேற்பார்வையாளர் கலாநிதி டில்ஷானி, "நங்கி, பயப்பட வேண்டாம்" என்று, சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்து மிச்சத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தானே பயந்து போயிருந்தார்.

நேசமலருக்கு இருந்த பயம் வேறு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

"எடி பிள்ளை, நேரத்தை மாத்தச் சொல்லிக் கேளன்."

"ரெண்டு நாட்டில இருக்கிற ஆக்களிட்ட ராகு காலம் எண்டு எப்பிடியம்மா கேக்கிறது?"

"பிரபஞ்சம் தொடங்கினதும் ராகு காலத்திலயோ தெரியாது" என்றார் நாகேந்திரம் பேப்பருக்குப் பின்னால் இருந்து.

"நீங்கள் சும்மா இருங்கோ!"

அன்று காலை சாருஜா அறைக்குள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஹோலில் அப்பாவின் மடிகணினி திறந்து கிடந்தது. நேசமலர் மணிக்கூட்டைப் பார்த்தார்; பத்தரை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையார் படத்துக்குப் போட்ட மாலையைச் சரிசெய்து, கும்பிட்டு, சந்தனத்தைக் குழைத்து எடுத்தார். புது வாகனத்துக்கு வைப்பதுபோல மடிகணினித் திரையின் மேல் விளிம்பில், சரி நடுவில், பெரிய பொட்டாக ஒன்று வைத்தார். அந்த இடத்தில்தான் கமரா இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு, பெட்டியை எதிர்வீட்டில் வைத்த அதே துணிவோடு, திரையில் இருந்த நீல நிற இணைப்பை அழுத்தினார்.

தொடக்கம் நல்ல நேரத்தில் ஆகிவிட்டது. நேசமலருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த கணம் மடிகணினியிலிருந்து குரல்கள் வந்தன.

"பிள்ளை, ஓடி வா, ஆக்கள் கதைக்கினம்!"

சாருஜா பாதிக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள். திரையில் ஆய்வேட்டின் ஒரு பக்கம் விரிந்திருந்தது. பரீட்சகர்கள் இருவரும் முன்கூட்டியே சேர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய சதுரத்தில் சந்தனத்தின் புண்ணியத்தால் வெறும் இருட்டு. ஒலியும் மூடியே இருந்தது. கீழே 'நாகேந்திரம்' என்று அப்பாவின் பெயர். கம்பஸின் தொழில்நுட்ப ஆள் யாரோ என்று நினைத்திருப்பார்கள்.

"நாலாம் அத்தியாயத்தில் மூன்று இடத்தில் வரிசையை மாற்றியிருக்கிறார்" என்றது பெண் குரல். "மாற்றக்கூடாத வரிசை. ஏன் மாற்றினார் என்று ஒரு சொல் எழுதவில்லை. இது விழுந்தால் முடிவே விழுந்துவிடும்."

"நானும் பார்த்தேன்" என்றது வயதான குரல். நல்ல மனிதரின் குரல்தான், மெதுவான குரல். "ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த நாடு படுகிற பாடு. பின்னேரம் முழுக்க ரியூஷன் கொடுக்கிறாராம். தனியாக இவ்வளவு செய்ததே பெரிது. அதைக் கேட்டால் பாவம், உடைந்து போவார். நாலாவதைத் தொடாமல் இரண்டாம் அத்தியாயத்தில் நாலு கேள்வி கேட்டுப் பட்டத்தைக் கொடுத்துவிடுவோம்."

பெண் பெருமூச்சு விட்டார். "சரி. உங்கள் விருப்பம்."

நேசமலருக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. கண் கலங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். "பாத்தியே! பாத்தியே நல்ல நேரத்தின்ர பலனை!" என்று காதுக்குள் சொன்னார். "வாயைத் திறவாதை. மெல்ல வெளியில வா. பதினொண்டுக்குப் போய், கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பட்டம் கையில."

சாருஜா அசையவில்லை. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். காது மடல் வரை சுட்டது. பாவமாம்! யாருக்கு யார் பாவம்? ஆறு வருடமாக அவள் சுமந்த ஒன்றை, தொட்டால் உடையும் என்று ஓரமாக வைக்கிறார்கள். நாலாவதைத் தொடாமல் பட்டம் என்றால், அவள் கண்டதை விட்டுவிட்டு, அவள் பட்ட கஷ்டத்துக்குப் பட்டம். அதைச் சட்டம் போட்டு எந்தச் சுவரில் மாட்டுவது?

பயமும் இல்லாமல் இல்லை. அந்தப் பெண் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கேட்கச் சொல்லிவிட்டு, கேட்டதும் விழுந்துபோனால் ஆறு வருடமும் கடலில். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தார்.

சாருஜா சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்தாள். திரையில் அவள் முகம் வந்தது. ஒலியைத் திறந்தாள்.

"மன்னிக்க வேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். "நான் சாருஜா. தவறுதலாக முன்னமே உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் பேசியது கேட்டுவிட்டது. தயவுசெய்து நாலாம் அத்தியாயத்தைக் கேளுங்கள். அதைக் கேட்காமல் எனக்குப் பட்டம் வேண்டாம்."

"எடியேய்!" என்றார் நேசமலர். அதுவும் ஒலியில் போயிருக்கும்.

வயதானவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். பெண் பரீட்சகர்தான் முதலில் பேசினார். "நல்லது. கேட்கத்தான் போகிறேன். பதினொரு மணிக்குச் சந்திப்போம்."

இடையில் கிடைத்த நேரத்தில் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லி முடியாது. நேசமலர் தலையில் கை வைத்துக்கொண்டு குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தார். "வாசல் வரை வந்த லட்சுமியைப் போ எண்டு கலைச்சுப்போட்டாள்! அதுவும் ராகு காலத்தில!" சாருஜா நடந்ததைச் சொன்னதும் டில்ஷானி தொலைபேசியில், "நங்கி, என்ன செய்தாய்?" என்று மூன்று மொழியில் கேட்டார். நாகேந்திரம், மகள் இணைய வகுப்புக்குப் பாவிக்கிற வெள்ளைப் பலகையை அறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கமராவுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தார். சாருஜா கதிரையில் இருந்து நாலாம் அத்தியாயத்தைப் பார்த்தாள். அந்த மூன்று இடங்களிலும் ஒவ்வொரு வரி எழுதாமல் விட்டிருந்தாள். ஏன் விட்டோம் என்று யோசித்தாள். புள்ளி கிடைக்காத வரி! தன் வாசகம் தன்னையே கடித்துவிட்டதே என்று அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பதினொரு மணிக்கு அவள் பலகைக்கு முன்னால் நின்றாள். திரையில் பரீட்சகர்களோடு டில்ஷானியும் இருந்தார்.

"நீங்கள் சொன்ன மூன்று மாற்றங்களும் சுவட்டுக்குள் நடக்கின்றன" என்றாள். சுவடு என்பது எண்கள் அடுக்கிய ஒரு பெரிய கட்டத்திலிருந்து மூலைவிட்டத்தில் நிற்பவற்றை மட்டும் கூட்டி, ஒரே எண்ணாக எடுப்பது. அதற்குள் வந்துவிட்டால் ஒரு சலுகை உண்டு. பல கட்டங்களைப் பெருக்கும்போது வரிசையின் கடைசியில் நிற்கும் கட்டத்தைத் தூக்கி முதலில் வைத்தாலும் விடை மாறாது. "இந்த மாலையைப் பாருங்கள்" என்று பிள்ளையாருக்குப் போட்ட மாலையைக் காட்டினாள். "எந்தப் பூவிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் சுற்று ஒன்றுதான். நான் மாலையைச் சுழற்றினேன், பூவை இடம் மாற்றவில்லை. அந்த வரியை எழுதாமல் விட்டது என் பிழை. இப்போது எழுதுகிறேன்."

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு எழுதுவது போலவே ஒவ்வொரு வரியாக எழுதினாள். முதல் இடம் சரி. இரண்டாவது இடமும் சரி. பெண் பரீட்சகர் முன்னுக்குச் சாய்ந்து தலையாட்டினார்.

மூன்றாவது இடத்தில் சாருஜாவின் கை நின்றது.

மூன்றாவதில் அவள் மாலையைச் சுழற்றவில்லை. நடுவில் இரண்டு பூவைப் பிடுங்கி இடம் மாற்றியிருந்தாள். வருடக்கணக்காகப் பார்த்த பக்கம், இன்றுதான் கண்ணில் பட்டது. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. பேசாமல் அதையும் சுழற்சி என்று சொல்லிக் கடந்துவிடலாம். இருவரும் ஏற்றுக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார்கள்.

"இங்கே நீங்கள் சொன்னது சரி" என்றாள். "இது மாற்றக்கூடாதது. நான் மாற்றியிருக்கிறேன். மாற்றியதால் ஒரு மிச்சம் வர வேண்டும். அது எவ்வளவு என்று இப்போதே பார்க்கிறேன்."

"இப்போதேயா?" என்றார் வயதானவர்.

"இப்போதே."

பலகையின் மூலையில் மிச்சத்தை எழுதத் தொடங்கினாள். நாலு வரி போனது, ஐந்தாவது வரியில் பேனா காய்ந்துவிட்டது. உதறினாள், எழுதவில்லை. கமராவுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அம்மாவின் கை. அதில் புதுப் பேனா, மூடி கழற்றி. சாருஜா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கணக்குத் தவறியிருக்கும். பேனாவை வாங்கி எழுதிக்கொண்டே போனாள்.

மிச்சம் சிறியதாகத்தான் வந்தது. அதனால் அவள் கண்ட தடம் பத்தில் ஒரு பங்கு மங்கியது. மங்கியதே தவிர மறையவில்லை. பிரபஞ்சத்தின் இளமையில் இடம் அப்படி இருந்திருந்தால், அந்தப் பழைய ஒளியில் அதன் அடையாளம் இருக்கத்தான் வேண்டும். அத்தியாயம் விழவில்லை. விழாதது மட்டுமில்லை, முன்பு நின்றதை விட இப்போது நேராக நின்றது.

பெண் பரீட்சகர் தன் தாளில் கூடவே கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பேனாவை வைத்தார். "எனக்கும் அதே மிச்சம்தான் வருகிறது" என்றார். "மூன்றும் பிழை என்று நினைத்தேன். இரண்டில் நான் பிழை, ஒன்றில் நீங்கள்." முதல் தடவையாகச் சிரித்தார்.

அவர்கள் கலந்து பேசுவதற்காக அவளை வெளியே போகச் சொன்னார்கள். சாருஜா கதிரையில் விழுந்தாள். நாகேந்திரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திரும்ப உள்ளே வரச் சொல்லிச் செய்தி வந்தபோது பன்னிரண்டு ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. சாருஜா பழக்கதோஷத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நேசமலர் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. "என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? போ பிள்ளை, உள்ளை போ!" என்றார்.

பட்டம் கிடைத்தது. நாலாம் அத்தியாயத்தில் அந்த ஒரு இடத்தைத் திருத்தி, விட்டுப்போன வரிகளை எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெண் பரீட்சகர் திருத்தியதைத் தனக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார், தன் மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். வயதானவர் தொண்டையைச் செருமினார்.

"நான் உங்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், கலாநிதி சாருஜா" என்றார். பிறகு கேட்டார், "ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஏன் அவ்வளவு முன்னதாக உள்ளே வந்தீர்கள்?"

"கெட்ட நேரத்தில் எதையும் தொடங்க என் அம்மா விடமாட்டார்" என்றாள் சாருஜா. திரையின் அந்தப் பக்கம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டில்ஷானி சிரித்துக்கொண்டே அழுதார்.

பின்னேரம் பஹ்மியா ஒரு பெரிய தட்டம் தித்திக்கும் வட்டிலப்பத்தோடு வந்து, "டொக்டர் மேடத்துக்கு" என்று வாசலில் நின்று சலாம் போட்டாள். நேசமலரோ ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சியோடு தொலைபேசியில். ஹோல் முழுக்க அவர் குரல்தான். சாருஜா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஓமடி, பாஸ்! டொக்டர்! இல்லையடி, என்ன நல்ல நேரம், முழுக்க ராகு காலம்... கேளன் நான் சொல்லுறதை. அவையள் இரக்கப்பட்டுச் சும்மா குடுக்கப் பாத்தவை. இவள் வேண்டாமெண்டுட்டாள். என்ர அத்தியாயத்தைக் கேள்வி கேளுங்கோ எண்டு மூஞ்சிக்கு நேர சொன்னவள். கேக்க வைச்சு, பலகையில எழுதிக் காட்டி வாங்கினவள்!"

அந்தப் பக்கம் தங்கச்சி ஏதோ கேட்டிருக்க வேண்டும். நேசமலரின் குரல் இறங்கியது.

"நானோ? நான் வாயைத் திறவாதை எண்டு சொன்னனான். கையைப் பிடிச்சு இழுத்துச் சொன்னனான்." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "அவள் கேக்கேல்லை. என்ர பிள்ளை கேக்கேல்லையடி!"